நண்டு வண்டி

அந்த வண்டிக்குள் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தபோது ஆட்டுப் புழுக்கையும் டீசலும் நனைந்த வைக்கோலும் சேர்ந்த ஒரு வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. மீன் வாடையைத் தவிர வேறொன்றும் அறியாமல் லைட்ஹவுஸ் குப்பத்தில் வளர்ந்த பத்து வயதுப் பெண்ணுக்கு அது வசதியான மனிதர்களின் வாசனையாகப் பட்டது. நாமும் அவர்களில் ஒருவராகிவிட்டோம் என்று மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தேன். அந்த அற்ப சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் குப்பம் ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏரியுமாக நடுவில் கிடக்கும் மணல்திட்டு. கடற்கரையில் இறங்கும் மீனை ஏரிக்கரைத் துறைவரை கொண்டுபோய், அங்கிருந்து படகேற்றிப் பழவேற்காட்டுச் சந்தையில் சேர்க்க வேண்டும். அப்போது பாலம் கிடையாது. கடலுக்கும் துறைக்கும் நடுவே கணுக்கால் புதையும் மணலில் அந்த மீனைச் சுமந்தவை பெண்களின் தலைகள்தான். என் அம்மா செல்லம்மாவுக்கு உச்சந்தலையில், கூடைக்கு அடியில் சுருட்டி வைக்கும் "சும்மாடு" உட்காரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. பிறகு கழுத்து திரும்பவில்லை, அதன் பிறகு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. பொன்னேரியில் பார்த்த டாக்டர், இனியும் பாரம் சுமந்தால் அந்தக் கை விளங்காமலே போய்விடும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் படகில் நைனா, அதாவது என் அப்பா, அவளைப் பார்த்து, "நான் இருக்கசொல்ல இனிமே உன் தலைல கூடை ஏறாதுமே" என்றார். நான் அவர் மடியில் தலைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாதாரண வண்டி எங்கள் மணலில் பத்தடி போவதற்குள் குந்திவிடும். எளாவூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பிக்கப் வண்டி ஒன்று விலைக்கு வந்திருப்பதாக யாரோ சொல்ல, நைனா படகில் தனக்கிருந்த பங்கையே விட்டுக்கொடுத்து அதை வாங்கத் துணிந்தார். "படகும் போயி இதுவும் போச்சின்னா இன்னாயா பண்றது?" என்று அம்மா கேட்டாள். "படகு என்னியத்தான் சொமக்கும். இது உன் பாரத்த சொமக்கும்" என்றார் நைனா. அதற்கு மேல் எந்தப் பெண்தான் எதிர்த்துப் பேசுவாள்?

வண்டி பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். சேற்று வயலுக்குள் ஓட்டுவதற்காக, ஒரு பழைய ஜீப்பின் முன் அச்சைக் கழற்றி அதில் மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் பாஷா பாய் என்ற மெக்கானிக். அன்று அவரும் அங்கே இருந்தார். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் இழுத்துப் போட்டதும், புதைந்து கிடந்த வண்டி முன்னங்காலையும் ஊன்றிச் சேற்றிலிருந்து வெளியே வந்தது. நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவர் பார்த்தது என்ஜினை அல்ல. படகு பார்க்கிறவர் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல் மல்லாந்து படுத்து, வண்டியின் அடிச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "படகு வாங்க வந்தியாப்பா, வண்டி வாங்க வந்தியா?" என்று விவசாயி சிரித்தார். பாஷா பாய் சிரிக்கவில்லை. "கடல் மண்ணுல ஓட்டப் போற. தெனம் ஓட்டி முடிச்சதும் அடில நல்ல தண்ணி ரெண்டு கொடம் ஊத்திக் கழுவிடுப்பா. உப்பு உக்காந்தா இரும்பத் தின்னுடும்" என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வண்டி ஏரியைக் கடந்த கதையைக் குப்பம் பல நாள் பேசியது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைச் சுவரின் நிழலில் அரைநாள் நிறுத்திவைத்து, இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை பரப்பி, அதன்மேல் ஏற்றி அக்கரை சேர்த்தோம். இறங்கியதும் நைனா குட்டிக் கம்பியைப் போட்டார். மணலில் அது ஊர்ந்து ஊர்ந்து ஏறியதைப் பார்த்த பெண்கள் "நண்டு வண்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அம்மாவின் கூடையோடு மற்றப் பெண்களின் கூடைகளும் பின்னால் ஏற, அம்மா முன்னிருக்கையில் ராணி மாதிரி உட்கார்ந்து துறைக்குப் போனாள். ஆறேழு மாதத்தில் அவள் உச்சந்தலையில் பூனைமயிர் போல முடி முளைத்தது. நைனா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் தடவிப் பார்க்கச் சொல்லுவார். எங்கள் வீட்டில் அந்த ஒன்றரை வருடம்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வண்டி கழுவுவது என் வேலை. துறையில் வண்டியைப் பின்புறமாகத் தண்ணீருக்குள் இறக்கி நைனா கூடைகளைப் படகில் ஏற்றிவிடுவார். அப்படியே நிற்கிற வண்டிக்கு நான் ஏரியிலிருந்தே மொண்டு மொண்டு, சக்கரத்தின் சந்துபொந்தெல்லாம் விடாமல் ஊற்றித் தேய்ப்பேன். ஏரித் தண்ணீர் என்றால் பாதிக் கடல். நல்ல தண்ணீருக்கு எங்கள் பெண்கள் மணலில் "ஊத்து" தோண்டி, கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும்; ஒரு குடம் நிறைய அரைமணி நேரமாகும். ஒருநாள், "நல்ல தண்ணி ஊத்தணும்னு பாய் சொன்னாரே நைனா?" என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அத்த உங்கம்மாகிட்ட சொல்லாத. சொன்னா ரெண்டு கொடம் சேத்துத் தூக்கினு வருவா. மறுபடி கழுத்து போயிடும்" என்றார். பிறகு தனக்கே சமாதானம் சொல்வதுபோல, "தண்ணி படாம காயப்போட்டாத்தான் மரம் வாய தொறக்கும். இதுவும் நெனஞ்சினே கெடக்கட்டும்" என்றார். படகுக்கு அது சத்தியமான பேச்சு. வாழ்நாளெல்லாம் மரத்தோடு பழகியவருக்கு இரும்பின் புத்தி தெரியவில்லை.

அவரே போய் எடுத்து வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஊத்துக்கு ஆண்கள் போகும் வழக்கம் எங்கள் குப்பத்தில் இல்லை. இடுப்பில் குடத்தோடு வருகிற ஆம்பிளையைச் சாகும்வரை கேலி செய்வார்கள். மனைவிக்காகப் படகையே விட்ட மனிதர் இந்தக் கேலிக்குப் பயந்தார். அவரைத் திட்டவும் எனக்கு வாயில்லை. பத்து வயதில் என் இடுப்பும் குடம் தாங்கும் இடுப்புதான். நான் போயிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. ஏரியில் இறங்கி வண்டி கழுவுவது விளையாட்டாக இருந்தது.

முதல் மழைக்காலம் கழிந்ததும் கால்வைக்கும் தகடு பொத்தலானது. நைனா பலகை அடித்தார். அடுத்துக் குட்டிக் கம்பி இறுகிப்போய், ஒவ்வொரு முறையும் சுத்தியலால் தட்டிப் போட வேண்டியதாயிற்று. இரண்டாவது மழைக்காலம் முடிந்து மீன் நன்றாகப் பட்டிருந்த ஒரு காலைப்பொழுதில், கூடைகளோடு பாதி வழியில் ஏறிக்கொண்டிருந்த வண்டி படாரென்று ஒரு சத்தத்தோடு நடுவில் மடங்கி உட்கார்ந்தது. அடிச்சட்டம் இரண்டாக முறிந்திருந்தது. முன்னிருக்கையிலிருந்து அம்மா மெதுவாக இறங்கினாள். பின்னால் போய்ப் பார்த்தாள். அவள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக்கொண்டு, தன் கூடையைத் தூக்கிவிடச் சொல்லிப் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"வேணாம்மே... இரு, நான் எதனா பண்றேன்" என்றார் நைனா.

"மீனு கெட்டுடும்யா" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

பாஷா பாய் வந்து திருப்புளியால் அடியில் ஒரு குத்துக் குத்தினார். கம்பி முழுக்க உள்ளே போயிற்று. துரு பொலபொலவென்று கொட்டியது. "எந்தத் தண்ணில கழுவுன?" என்று நைனாவைக் கேட்டார். நான் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். படகில் விட்ட பங்கு போனது போனதுதான். அதன் பிறகு நைனா சாகிறவரை அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போனார். அம்மா இன்னும் பதினாலு வருடம் கூடை சுமந்தாள். அவள் கூடையோடு வாசலைத் தாண்டும்போதெல்லாம் நைனா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

இப்போது பாலம் வந்துவிட்டது. தார் ரோட்டில் சின்ன வண்டிகள் நேராகக் கடற்கரைக்கே வந்து மீனை அள்ளிப் போகின்றன. குழாய் வந்ததும் ஊத்துகளை மணல் மூடிவிட்டது. நண்டு வண்டியை யார் யாரோ பிய்த்து எடைக்குப் போட்டார்கள். அது முறிந்து கிடந்த இடம் எது என்று போன வருடம் தேடிப் பார்த்தேன், அடையாளம் தெரியவில்லை.

அம்மா என்னோடு திருப்பாலைவனத்தில் இருக்கிறாள். டாக்டர் சொன்னது நடந்துவிட்டது: வலது கை வாய்வரை எழாது, நான்தான் சோறு ஊட்டி விடுகிறேன். நைனா போன பிறகு இனி யாருக்காக மறைப்பது என்று தோன்றிப்போய், ஒருநாள் ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சொன்னது, நைனா சொல்லாதே என்றது, நான் சொல்லாமல் இருந்தது. அவள் வாயில் இருந்த கவளத்தை மென்று விழுங்கினாள்.

"ரெண்டு கொடமாடி?" என்று கேட்டாள். "அவ்ளோ வருசம் கூடைய தூக்குனவ, ரெண்டு கொடம் தூக்க மாட்டேனா? ஒரு வார்த்த என்னிய கேக்கலியேடி ரெண்டு பேரும்."

அடுத்த கவளத்தை நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.