எதிர்வீட்டு மதினியும் என் செம்பருத்தியும்

எங்கள் ஊர்ப்பக்கம் செடி வளர்ப்பவன் ஒருவன், பூவுக்குச் சொந்தக்காரர் வேறொருவர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அடுத்தவர் செடியில் ஒரு பச்சை மிளகாயைக்கூடக் கேட்காமல் கிள்ளாதவர்கள் எங்கள் தெருக்காரர்கள். ஆனால் பூ என்றால் கேட்பது என்ற பேச்சே கிடையாது. விடிவதற்குள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் பறித்து, நீட்டாததையும் கம்பியால் வளைத்துப் பறித்துக்கொண்டு போவார்கள். ஏனென்று கேட்டால் "சாமிக்குத்தானே" என்பார்கள். அதற்கு மேல் வாயைத் திறந்தால் நான்தான் பொல்லாதவன்.

இத்தனைக்கும் நான் தோட்டம் போட்டது பறவைகளுக்காக. பங்குனியில் அருவியில் வெறும் பாறைதான் தெரியும். குற்றாலத்தை எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. வண்டி இரைச்சல் இல்லாத அந்த நாட்களில்தான் தோட்டம் தோட்டமாக இருக்கும். புங்கமரம் பூத்துக் கொட்டி, தரையெல்லாம் பொரி சிந்தினதுபோல் கிடக்கும். கொண்டைக்குருவிகள் குழாயடியில் குளித்துவிட்டு வேப்பமரத்தில் போய்ச் சண்டை போடும். மாங்குயில் ஒரு நிமிடம் மஞ்சளாகத் தெரிந்துவிட்டு மறையும். ஓய்வு பெற்ற பிறகு, இதைப் பார்த்துக்கொண்டு காலைக் காபியைக் குடிப்பதைவிடப் பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை.

இந்த வருஷம் ஆசை போய் அதுவே அவசியமாகிவிட்டது. தை மாதம் என் மனைவி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி எழுந்து நிற்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவள் நிற்க மாட்டேன் என்றாள். மறுபடி விழுந்துவிடுவோம் என்று பயம். வாக்கர் வாங்கி வைத்தேன். அதில் துண்டைத் தொங்கப் போட்டாள். கெஞ்சினேன், திட்டினேன், மகளைப் போனில் அழவைத்தேன். எல்லாவற்றுக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இப்படியே விட்டால் கடைசிவரை படுக்கைதான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அவள் கட்டிலை சன்னலோரம் இழுத்துப் போட்டேன். சன்னலுக்கு வெளியே செம்பருத்தி. வெயில் ஏறும் நேரத்தில் ஒரு தேன்சிட்டு வந்து பூவின் அடியில் அலகைக் குத்தித் தேன் குடிக்கும். முதல் நாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். ஒரு நாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டரும் நானும் சொல்லிக் கேட்காதவள், கட்டை விரல் அளவு குருவி சொல்லிக் கேட்டாள்.

பூ இருந்தால்தான் குருவி வரும். அந்தப் பூவுக்குத்தான் எதிர்வீட்டு மதினி வந்தாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. எதிர்வீட்டுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் அவள் மதினி ஆனாள். எங்கள் வீட்டு கேட் கொண்டி என் கையைவிட அவள் கைக்குத்தான் லேசாகத் திறக்கும். "மதினி, அது அவ பாக்குற பூ, விட்டுருங்க" என்று பணிவாகத்தான் ஆரம்பித்தேன். "ரெண்டு விட்டுட்டுத்தான் தம்பி பறிக்கேன்" என்றாள். விட்ட இரண்டும் உச்சிக் கொம்பில், மாடியிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும். குருவி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி தோன்றியது. மறுநாள் மதினியிடம், "பூவுல பூரா குருவி வாய் வச்சிருக்கு. எச்சிப் பூவையா சாமிக்குப் போடுதிய?" என்று கேட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பையை உதறிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மூன்று நாள் செடி நிறையப் பூ. குருவி ஜோடியாக வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு காபி போட்டுக் குடித்தேன்.

அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் செடியில் ஒரு பூகூட இல்லை. பறித்த தடமும் இல்லை. பூக்கவே இல்லையோ என்று செடிக்கு உரம் வைத்தேன். அன்று சாயங்காலம் பின்பக்கம் குழாயை மூடப் போனபோது விஷயம் தெரிந்தது. மதினி, மறுநாள் விரிய வேண்டிய மொட்டுகளைச் சட் சட்டென்று ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மொட்டையுமா மதினி?"

"மொட்டுல குருவி வாய் வைக்காதுல்லா? நீங்கதானே எச்சிப் பூ ஆகாதுன்னு சொன்னிய. ஈரத்துணில சுத்தி வச்சா காலைல அழகா விரிஞ்சிருது தம்பி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பொண்டாட்டி படுத்த படுக்கையா கெடக்கா. அவ பாக்க ஒரு பூ விட மாட்டியளா? தெருவுல வேற செடியே இல்லையா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுக்குத் தம்பி இப்படிக் கத்துதிய? எனக்கா கொண்டு போறேன்? அவ எந்திரிச்சு நடக்கணும்னு பண்பொழி முருகனுக்கு நேந்திருக்கேன். ஒரு மண்டலம் அவன் படத்துக்குச் செவப்புப் பூ போடுதேன்னு. வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

கோபம் அப்படியேதான் இருந்தது. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. "அவ எந்திரிச்சு உக்காருறதே இந்தப் பூவுக்கு வார குருவியப் பாக்கத்தான் மதினி" என்றேன், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"குருவியா எந்திரிக்க வைக்கும்? முருகன்லா வைக்கணும்" என்றபடி மதினி சன்னல் கம்பியை ஒட்டியிருந்த மொட்டுக்குக் கையை நீட்டினாள்.

"அதுல கைய வச்சிய, பாத்துக்கிடுங்க!"

உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் இருவரும் அதிர்ந்துபோனோம். "நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்கு இருக்குற ஒரு குருவியையும் வெரட்டிருவியளோ? ஒருத்தர் சத்தம் போட்டு வெரட்டுதாரு, ஒருத்தர் மொட்ட ஒடிச்சு வெரட்டுதாவ!" என் மனைவி சன்னல் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பொரிந்து தள்ளினாள். அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தால் அத்தனை உயரத்தில் அவள் முகம் தெரியாது.

மதினிதான் முதலில் பார்த்தாள். "முருகா! நிக்கா தம்பி! எந்திரிச்சு நிக்கா!"

அதைக் கேட்ட பிறகுதான் தான் நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. திட்டு பாதியில் நின்றது. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. "என்னங்க" என்றாள் சின்னக் குரலில். நான் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். தோளைப் பிடித்ததும் பாரம் முழுவதையும் என்மேல் சாய்த்தாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது, ஆனால் கால் தரையில் ஊன்றித்தான் இருந்தது.

"விட்டுராதிய" என்றாள்.

"விடல. நில்லு. இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."

வெளியே மதினி முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே மிச்ச மொட்டுகளையும் சட் சட்டென்று ஒடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாகக் கேட்டது. ஒடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.