ஏழாவது ரபிக்கும் ஒரு நொட்டை

சூப்புக் கிண்ணத்தை விருந்தாளியின் பக்கம் தள்ளிவிட்டு, டோட்ரெஸ் தன் கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். வந்தவர் உறிஞ்சுகிறாரா, ஊதுகிறாரா, தாடியில் சிந்துகிறாரா என்று பார்க்க வேண்டும். சிந்தினால் மனைவி ஸிஸலைப் பார்த்து இடது புருவத்தை ஏற்றுவார். ஆள் தேறாது என்று அர்த்தம். சிந்தாவிட்டாலும் புருவம் ஏறும். இவ்வளவு பவிசாகச் சாப்பிடுகிறவனுக்கு ஏழைகளின் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது!

எங்கள் ஸ்மோலின்காவில் யூத குருவான பழைய ரபி கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. வார்சா ரயில்கூட நிற்காத சின்ன ஊர்தான். அதற்காக ரபி இல்லாமல் இருந்துவிட முடியுமா? ஜெப ஆலயத்துக்கு டோட்ரெஸ்தான் தர்மகர்த்தா. புது ரபிக்கு ஆள் பார்ப்பதும் அவர் பொறுப்பு. யாராவது கேட்டால் போதும், நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். "பொண்ணு பாக்குறதுகூட சுலபம்ப்பா. அது ஒரு வீட்டுக்கு. ரபி ஊருக்கே இல்ல?"

தொழில் தோல் மண்டி. குடியானவன் கொண்டுவரும் கன்றுத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஈ கடிச்சிருக்கு" என்பார். இல்லையென்றால் "கத்தி பட்டிருக்கு". மனிதர் பிறந்ததிலிருந்து குறை சொல்லாமல் ஒரு தோல் வாங்கியதில்லை. ஆனால் தோலையாவது கடைசியில் வாங்கிக்கொள்வார். ரபியை வாங்கவே மாட்டார்.

முதலில் வந்தவருக்குத் தாடி குட்டை. அடுத்தவருக்கு நல்ல குரல், அதுவே அவருக்கு வினையாயிற்று. "நாம என்ன பாட்டுக் கச்சேரிக்கா கூப்பிட்டோம்?" மூன்றாமவர் லித்துவேனியாக்காரர், பெரிய படிப்பாளி. வெள்ளிக்கிழமை விருந்தில் மீன் உருண்டையை ஒரு வாய் தின்றுவிட்டு, தெரியாத்தனமாக மிளகு கேட்டுத் தொலைத்தார். மறுநாள் டோட்ரெஸ் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "நம்ம பக்கத்துல மீனுக்குச் சர்க்கரைதானே போடுவோம்? இவன் மிளகைத் தூவுறான்! மீனே புரியாதவனுக்குத் தோரா வேதம் எப்படிப் புரியும்?" ஊரும் இதைக் கேட்டுத் தலையாட்டியது. வெட்கக்கேடு! தலை எதற்கு இருக்கிறது, ஆட்டத்தானே? பிறகு வந்த மூன்று பேரின் கதையும் இந்த லட்சணம்தான்.

உண்மைக் காரணம் தோல் மண்டியின் பின்கட்டில், முழங்கை வரை உப்பில் நின்றுகொண்டிருக்கிறது. அவள் பெயர் ஹிண்டே. டோட்ரெஸின் செத்துப்போன தம்பியின் மனைவி, முப்பத்தொரு வயது, பிள்ளை இல்லை. எங்கள் சட்டப்படி, பிள்ளையில்லாமல் புருஷன் போய்விட்டால் அவனுடைய சகோதரன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும், மாட்டானென்றால் ரபியின் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவள் அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்ற வேண்டும், அவனுக்கு முன்னால் தரையில் துப்ப வேண்டும். அதோடு அவளுக்கு விடுதலை. அதுவரை அவளை யாரும் கட்டிக்கொள்ள முடியாது. பக்கத்து ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கிற லைசர் ஹிண்டேக்காகக் காத்திருக்கிறான். குளிர்காலம் பிறந்தால் தனக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அவள் போய்விட்டால் டோட்ரெஸுக்குத் தோல் உப்பிட யார் இருக்கிறார்கள்? அவளைப்போல் உப்பிட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கூலியும் கிடையாது. "வீட்டுப் பொண்ணுக்கு என்ன கூலி?" என்பார். பக்கத்து ஊர் ரபியிடம் போகலாமே என்று அவள் கேட்டால் மனிதருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.

"நம்ம குடும்பத்து விஷயம் அசலூர்ல நாறணுமா ஹிண்டே? நல்லதா ஒரு ரபி நமக்குக் கிடைக்கட்டும். மொத வேலை உன் வேலைதான்."

அந்த 'நல்லதா ஒரு ரபி' ஒரு நாளும் கிடைக்கப்போவதில்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவர் நினைப்பு. ஊருக்கே தெரியும். வைக்கோற்போர் நாய் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள். முகத்துக்கு நேரே? "தர்மகர்த்தா ஐயா, சௌக்கியமா?"

ஏழாவதாக வந்தவர் ரபி ஹெஷல். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. சூப்பைச் சிந்தவில்லை, ஊதவில்லை, உறிஞ்சவில்லை. டோட்ரெஸ் தவித்துப்போனார். கடைசியில் அந்த மனிதரே கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார். புருவம் ஜம்மென்று ஏறியது. அடுக்களையில் ஸிஸலின் காதில் டோட்ரெஸ் கிசுகிசுத்ததைப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹிண்டே கேட்டாள். "ரெண்டாவது கிண்ணம் கேக்குறான்! பேராசைக்காரன். ஆகாது."

மறுநாள் சனிக்கிழமை, ஓய்வுநாளான சப்பத், ஜெப ஆலயத்தில் காலை வழிபாடு. தோராச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாகிவிட்டது. பெண்கள் இருக்கும் மாடியிலிருந்து ஹிண்டே இறங்கி வந்தாள். ஆண்களுக்கு நடுவே நடந்துபோய் மேசையைக் கையால் ஓங்கித் தட்டினாள்.

"வாசிப்பை நிறுத்துறேன்."

குறை உள்ளவர் யாராயிருந்தாலும் இப்படி நிறுத்தலாம். பதில் கிடைக்கும்வரை சுருளைத் திறக்கக் கூடாது. பழைய வழக்கம்தான். ஆனால் ஒரு பெண் அதைச் செய்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

டோட்ரெஸ் தேன் ஒழுகச் சிரித்தார். "ஹிண்டே, மேல போம்மா. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல பதினாலு மாசமாப் பேசியாச்சு பெரிய மச்சான். இந்த ரபிகிட்ட என்ன குறைன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

"அதெல்லாம் நிதானமா யோசிச்சுச் சொல்ற விஷயம்."

"யோசிங்க. நான் நிக்கிறேன்."

நின்றாள். ஒரு மணி நேரம் போயிற்று. கிழவர்கள் தூங்கினார்கள். பெரிய மனிதர்கள் தாடியை உருவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். ஒருவராவது அவளுக்காக வாயைத் திறக்க வேண்டுமே! மத்தியானமும் தாண்டிற்று. அப்போது ரொட்டிக்கடைக் கோப்பல் எழுந்தான். சப்பத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் குழம்புப் பானையும் வெள்ளிக்கிழமையே அவன் அடுப்பில் ஏறிவிடும்.

"எழுபது பானை அடுப்புல இருக்கு. இப்பவே அடி புடிக்கிற வாசனை வந்திருக்கும். அப்புறம் என்னைக் கொறை சொல்லாதீங்க, ஆமா."

அவ்வளவுதான். கூட்டமே துள்ளி எழுந்தது. பதினான்கு மாதமாக ஒருத்தியின் வாழ்க்கை தீய்ந்துகொண்டிருந்தது, ஒரு மூக்குக்கும் எட்டவில்லை. பானை என்றதும் எல்லாருக்கும் நியாயம் பொங்கிவிட்டது. "சொல்லுய்யா டோட்ரெஸ்! குறையைச் சொல்லு, இல்லாட்டி ஆளை வுடு!"

டோட்ரெஸ் தொண்டையைச் செருமினார். "ரெண்டு கிண்ணம் சூப்பு கேட்டாரு."

"உங்க வீட்டுச் சூப்பையா?" கோப்பல் வாயைப் பிளந்தான். "அதையா ரெண்டு தடவை? யப்பா, எதையும் தாங்குற மனுஷன்! இவரையே வச்சுக்கலாம்."

சிரிப்பு அடங்குவதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. சப்பத்தில் எழுதக் கூடாது, கை தூக்கலாம். ரபி ஹெஷல் எங்கள் ரபியானார். எல்லாரும் பானையைப் பார்க்க ஓடினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சாட்சிகளோடு ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். இதற்கென்றே வைத்திருக்கும் தோல் செருப்பை வலது காலில் மாட்டி, டோட்ரெஸைச் சுவரோரம் நிற்கவைத்தார்கள். இவளை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்று சொல்லச் சொன்னார்கள், முனகினார். ஹிண்டே குனிந்தாள். உப்பு அரித்த அவளுடைய வலது கை வாரைத் தொட்டது.

"கொஞ்சம் இரும்மா" என்றார் ரபி. டோட்ரெஸின் குதிகால் ஒரு விரற்கடை தூக்கியிருந்தது. கால் தரையில் அழுந்தாவிட்டால் சடங்கு செல்லாது. தர்மகர்த்தாவுக்கா அது தெரியாது!

"ஊனி நில்லுங்க, டோட்ரெஸ்."

"வாதம், ரபி. ஊன முடியல."

"பரவாயில்ல. ஊன முடியுற வரைக்கும் காத்திருப்போம். இந்த ஊர்ல எனக்கு மொத வேலையே இதுதான்."

ஹிண்டே குனிந்தபடியே அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கி, மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அவள் வாரை அவிழ்த்தாள். செருப்பை உருவித் தூர எறிந்தாள். நிமிர்ந்து, அவருக்கு முன்னால் தரையில் துப்பினாள். எச்சில் தரையில் விழுந்ததா என்று ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"செல்லும்" என்றார் ரபி. "முடிஞ்சுதும்மா. உனக்கு விடுதலை."

சட்டம் கேட்பது ஒரு தடவைதான். ஹிண்டே முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வாசல்வரை நடந்தாள். திரும்பி வந்தாள். அதே இடத்தில் நின்று, டோட்ரெஸை நேராகப் பார்த்து, இன்னொரு தடவை துப்பினாள்.