படகில் சொல்லக் கூடாத சொல்

ஷெக் கம்ஹோ பிறந்தது ஹாங்காங்கின் அபர்தீன் துறைமுகத்தில், ஒரு மீன்பிடிப் படகில். தவழத் தொடங்கியதும் இடுப்பில் கயிறு கட்டிப் பாய்மரத்தோடு முடிந்துவிட்டார்கள். முதுகில் ஒரு மரக்கட்டை, தவறி விழுந்தால் மிதப்பதற்கு. அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஆனாலும் படகுக்காரர்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. கடலோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்று நினைப்பவர்கள் அவர்கள். கம்ஹோ மட்டும் கட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டுக் குதிப்பாள்.

"மேல ஏறி வாடி! உன்னைக் கட்டிக்கிறதுக்கு ஒரு மீனைத்தான் தேடணும்!" என்று அம்மா துடுப்பால் தண்ணீரை அடிப்பாள்.

படகுக்குப் படகு சேதி கொண்டுபோவது அவள் வேலையாயிற்று. ஒருநாள் நீச்சல் சங்கத்துக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு, லாம்மா தீவிலிருந்து அபர்தீனுக்கு நடக்கும் போட்டியில் சேர்த்துவிட்டார்கள். அம்மாவின் கறுப்புக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்து நகரத்துப் பெண்கள் சிரித்தார்கள். கரை ஏறியபோது அந்தச் சிரிப்பைக் காணோம்.

பிறகு வருஷா வருஷம் அவளேதான். செய்தித்தாளில் படம் வரும். தேநீர்க்கடைக்குள் நுழைந்தால் கேட்காமலே தட்டில் இன்னொரு அன்னாசி பன் விழும். வென்ற கோப்பை ஒன்றில் அம்மா சாப்பாட்டுக் குச்சிகளைப் போட்டு வைத்தாள். இன்னொன்றில் அண்ணன் ஷெங் தூண்டில் இறாலை வைத்துக்கொண்டான். நாறுகிறது என்று அவள் சண்டை பிடித்தால், "ஜெயிச்சது நீ, கூடப் படகு ஓட்டினது நான். பாதிக் கோப்பை எனக்கு" என்பான். அந்தச் சண்டைகளை நினைத்தால் இன்றும் கம்ஹோவுக்குச் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும்.

கல்யாணமாயிற்று. இரண்டு குழந்தைகள் பிறந்தன. மறுபடி தண்ணீரில் இறங்கிய வருஷம் மூன்றாவதாகத்தான் வந்தாள். முதலில் வந்தவள் லாவ் மெய்குவன், நகரத்துப் பள்ளி மாணவி. கம்ஹோவின் காலம் முடிந்தது என்று செய்தித்தாள் எழுதியது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கணவனிடம் கேட்டாள்.

"அதோட நிறுத்திடுவியா?"

"ஜெயிச்சிட்டு நிறுத்துறேன்."

போட்டி நாள் காலை. லாம்மா கரையோரம் ஷெங்கின் மோட்டார் படகு நின்றது. நீந்துபவர் ஒவ்வொருவருக்கும் துணைப்படகு கட்டாயம். அதில் சங்கத்து ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வருஷம் வந்தவர் யூன் என்ற நகரத்து மனிதர். ஷெங்கின் மனைவி கஞ்சியும், இஞ்சி போட்டு அவித்த பாறைமீனும் வைத்தாள். மேல்பக்கச் சதை தீர்ந்ததும் யூன், கம்ஹோ நன்றாகச் சாப்பிடட்டும் என்ற நல்லெண்ணத்தில், குச்சியால் மீனை லாவகமாகத் திருப்பிப் போட்டார்.

ஷெங் குச்சிகளைக் கீழே வைத்தான்.

முள்ளைத் தூக்கிவிட்டு அடிச்சதையைத் தின்பதுதான் படகு வழக்கம். திருப்பிய மீன் கவிழ்ந்த படகு. மீனைத் திருப்புவது கிடக்கட்டும், 'திரும்பு' என்ற சொல்லே படகில் வாயில் வரக் கூடாது. பக்கம் மாறவேண்டுமென்றால் 'மூக்கை மாத்து' என்பார்கள். அப்பாவின் படகு ஒரு புயலில் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் ஷெங். அன்றிலிருந்து படகில் மட்டுமல்ல, தரையிலும் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"இன்னிக்கு இந்தப் படகு நகராது," என்றான்.

"அண்ணே, படகு இல்லேன்னா என்னைச் சேர்க்கவே மாட்டாங்க."

"உசிரை விடவா போட்டி?"

யூனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம செஞ்சிட்டேங்க. வேணும்னா மறுபடியும் திருப்பி…" என்று ஆரம்பித்தார்.

"ஐயா, நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும்," என்றாள் ஷெங்கின் மனைவி.

கம்ஹோவுக்கும் பயம்தான். அவளும் படகில் பிறந்து வளர்ந்தவள்தானே. அண்ணனை ஏசவும் முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. பின்னால் கட்டியிருந்த சிறு சம்பான் படகு அவள் கண்ணில் பட்டது.

"அண்ணே, மீனைத் தின்னது பெரிய படகுல. சம்பான்ல யாரு என்ன தின்னா?"

ஷெங் சம்பானைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "உன் புருஷன் எப்படித்தான் உன்கூடக் குடும்பம் நடத்துறானோ!" என்று துடுப்பை எடுத்தான்.

மற்ற எல்லாருக்கும் மோட்டார் படகு. கம்ஹோவுக்கு மட்டும் அண்ணன் பின்தட்டில் நின்று ஒற்றைத் துடுப்பு வலித்தான். யூன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாதித் தூரம் வரை ஷெங்கின் குரல் கூடவே வந்தது. "என்னடி, தூங்குறியா? மெய்குவன் வீட்டுக்குப் போயி சோறே தின்னிருப்பா!" மோட்டார் சத்தத்தில் இத்தனை வருஷமாகக் கேட்காத ஏச்செல்லாம் அன்று காதில் விழுந்தது. கையில் வலு கூடிக்கொண்டே வந்தது. மெய்குவனின் வெள்ளைத் தொப்பியைத் தாண்டினாள்.

கடைசி மிதவையை நெருங்கும்போது காற்று ஏறியது. சம்பான் பின்தங்கிவிட்டது. அங்கே இடப்புறம் வளைந்து கரைக்குப் போக வேண்டும். அலை மறைத்ததில் கம்ஹோ மிதவையைப் பார்க்கவில்லை, நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

"மூக்கை மாத்து! மூக்கை மாத்து!" ஷெங் கத்தினான். காற்றில் அது உடைந்து போயிற்று. மறுபடியும் ஏதோ ஏசுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். பின்னால் வெள்ளைத் தொப்பி மிதவையைச் சுற்றி வளைந்துவிட்டது.

"நீங்களாவது கத்துங்களேன்!" என்றான் ஷெங்.

"எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னே தெரியலயே!" யூன் அழாத குறை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து, ஒரே சொல்லாக.

"திரும்பு!"

கம்ஹோவின் கைகள் நின்றுவிட்டன. அண்ணனா? தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆடும் சம்பானில் நின்றபடி, முகமெல்லாம் நனைந்து, அவன் கையால் இடப்புறம் காட்டிக்கொண்டிருந்தான். மிதவை தெரிந்தது. வந்த வழியே போய் அதைச் சுற்றினாள். அதற்குப் பிறகு எப்படி நீந்தினாள் என்று இன்று கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சம்பான் கவிழ்வதற்குள் கரையைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். மெய்குவனுக்கு ஒரு கை முன்னால் படிக்கட்டைத் தொட்டாள்.

அண்ணன் வந்து சேரும்வரை கைதட்டியவர்களை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சம்பான் படியில் முட்டியதும் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணே, அங்க என்ன சொன்னே?"

"நானா? நான் ஒண்ணும் சொல்லலியே."

"என் காதால கேட்டேன்."

"காதுல தண்ணி போயிருக்கும். துடை."

அவள் யூனைப் பார்த்தாள். அவர் துறைமுகத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "காத்து பலமா இருந்துச்சுங்க," என்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கல."