தண்ணீரை நிறுத்தச் சொன்னேன், அம்மன் நிறுத்தவில்லை

என் தங்கை புருஷன் செல்வம் ஜீப்புக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தான். மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. அம்மனை நம்பும் சொந்தங்களே, அப்போது அடியேன் என்ன செய்தேன்? கரையைப் பார்த்து ஓடினேன். கோயிலில் மைக் பிடித்து உங்களையெல்லாம் சிரிக்க வைக்கிறவன், செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினேன்.

வடக்கே போகும் சாலைகளில் பயமில்லாமல் போய் வந்த காலம் அது. திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு ரங்கூனிலிருந்து மூன்று ஜீப்பில் மகுவே பக்கம் போனோம். அங்கே வெயில் காலத்தில் சவுங் என்கிற காட்டாறுகள் எல்லாம் வறண்டு, ஆறு இருந்த இடத்தில் வெறும் மணல்தான் கிடக்கும். அந்த மணலிலேயே ஒரு பகல் வண்டி ஓட்டித் திரும்புவதாகத் திட்டம். பபேடானில் கடை வைத்திருக்கும் காசிம் பாய்தான் வழிகாட்டி.

"மணல்ல எங்கயும் நிறுத்தாதீங்க. நின்னா இறங்கிடும்" என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார்.

செல்வத்தின் ஜீப் புதிதாக வாங்கிய பழைய ஜீப். "புது வண்டி ஆறு தாண்டுது பாய். தேங்காய் உடைக்காமப் போனா விளங்குமா?" என்று நட்டாற்றில் நிறுத்திவிட்டான். மாலை போட்டுச் சூடம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி நகர்ந்தது, கீழ்நோக்கி. பழம் நசுங்கவில்லை, அப்படியே புதைந்துபோனது.

ஜாக்கி வைக்கப் பலகை இல்லை. பூஜைக்குக் கொண்டுபோன மணைப்பலகை மேல் வைத்தோம். செல்வம் அடியில் காலை விட்டுச் சக்கரத்துக்குக் கீழே முள்செடியைத் தள்ளினான். சாமி உட்காரும் பலகை ஜீப்பைத் தாங்குமா? பிளந்தது. அச்சு அவன் பாதத்தின் மேல் இறங்கியது. அந்த அலறலை இன்றும் தூக்கத்தில் கேட்கிறேன்.

தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடியது. கயிறு கட்டி இழுத்தால் கால் பிய்ந்துவிடும். அப்போதுதான் கரையில் மாடு மேய்த்தவர் "யே லா பீ! யே லா பீ!" என்று கத்தினார். தண்ணீர் வருகிறதாம். எங்கள் தலைக்கு மேலே ஒரு சொட்டு மழை இல்லை. எங்கேயோ மலையில் பெய்தது, எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தது.

அங்கேதான் நான் ஓடினேன். பின்னால் செல்வத்தின் குரல்: "ஓடாதே மச்சான்! உன் தங்கச்சிக்கு என்ன சொல்லுவே?"

திரும்பினேன். வீரம் வந்து அல்ல, தங்கச்சியின் வாயை நினைத்து.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேண்டினேன். பயத்தில் அம்மன் பேரே மறந்துபோனது. "தாமுவே கோயில்ல இருக்கியே, அந்தம்மா! தண்ணிய நிறுத்து! மொட்டை போடுறேன், குன்யா வெத்தலை மெல்ல மாட்டேன், தீ மிதிக்கிறேன்!"

"மச்சான், ஒண்ணொண்ணா சொல்லு. அவளுக்கும் மூச்சு முட்டும்" என்றான் செல்வம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான்.

தண்ணீர் நிற்கவில்லை. வேகமாக வந்தது. கலங்கல் தண்ணீர், முள், செத்த ஆட்டுக்குட்டி. அவன் மார்புக்கு ஏறியது, தாடைக்கு ஏறியது. "அடிப்பாவி!" என்று அம்மனையே திட்டினேன். மன்னிக்கணும், திட்டினேன்.

அந்த நொடியில் சக்கரத்துக்குக் கீழே மணல் கூழாகக் கரைந்தது. வெள்ளம் ஜீப்பை ஒரு பக்கம் தூக்கியது. பாதம் கழன்றது. கரையிலிருந்து காசிம் பாய் "யா அல்லாஹ்!" என்று கயிற்றை வீச, செல்வத்தைக் கட்டிக்கொண்டு கரை சேர்ந்தேன். ஜீப் பூமாலையோடு போய்விட்டது. அதோடு செல்வத்தின் கால்விரல் மூன்று போயின, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

நான் கேட்டபடி தண்ணீர் நின்றிருந்தால், அவன் கால் அங்கேயே இருந்திருக்கும். அவனும்தான்.

குன்யாவை விட்டேன். மொட்டையும் போட்டேன். பார்த்துச் சிரித்தவர்கள் நீங்கள்தான். தீமிதி அன்று குழியைப் பார்த்ததும் என் கால் மறுபடியும் ஓடப் பார்த்தது. வேண்டியது வராவிட்டால் அவளைத் திட்டுங்கள், அழுங்கள். ஆனால் மடியில் இருப்பவனை விட்டுவிடாதீர்கள். எது வருகிறதோ அதற்குள்ளேயே அவள் இருப்பாள்.

தணல் மேல் முதல் அடி வைத்தேன். குழி ஓரத்தில் கட்டையை ஊன்றி நின்ற செல்வம் ஊர் கேட்கக் கத்தினான்:

"ஓடாதே மச்சான்!"

நடந்தேன்.