உளுந்து எந்த ஊர்?

இட்லி மாவு விற்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: காலையில் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்வரை நம் மானம் நம் கையில் இல்லை. அரிசியும் கிரைண்டரும் அதேதான். உளுந்து மட்டும் ஊர் மாறினால் போதும், தென்காசியில் என் கடை முன் கூட்டம் கூடிவிடும். மாவு வாங்க அல்ல.

திருவேங்கடத்துக் கறுப்பு

திருவேங்கடம் பக்கத்து மானாவாரி உளுந்தை ஆசையாக வாங்கி அரைத்தேன். வழக்கத்துக்கு முன்பே பொங்கி, பாக்கெட்டெல்லாம் தலையணையாக உப்பிவிட்டது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மாடசாமி அண்ணாச்சி ஒன்றை வாங்கி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து சுந்தரபாண்டியபுரம் கிளம்பினார். வழியில் சூரியகாந்தியைப் படமெடுக்க வந்தவர்களோடு பேச்சு நீண்டிருக்கிறது. வண்டி வெயிலில் நின்றது. மறுநாள் வந்து சீட்டைத் தூக்கிக் காட்டினார்; பாக்கெட் வெடித்து உள்ளெல்லாம் மாவு.

“ஏம்மா, மாவு புளிச்சா பரவால்ல. எனக்கு வண்டியே புளிச்சுப் போச்சு.”

சாரலில் ஒரு பந்தி

குற்றாலத்தில் மெஸ் நடத்தும் சுடலை அண்ணாச்சிக்கு சீசனில் நான்தான் மாவு கொடுப்பேன். ஒருநாள் வெளிமாநில உளுந்துதான் கிடைத்தது. சாரல் குளிரும் சேர, மாவு அசையவே இல்லை. அருவியில் குளித்த ஒரு பஸ் கூட்டம் பசியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் ஈட்டு இட்லி அப்பளமாக வந்தது. அண்ணாச்சி மாவில் தண்ணீர் விட்டுக் கலக்கி, கல்லில் மெலிசாக இழுத்தார். மொறுமொறு தோசைக்கு அடிதடி. வெறும் பாத்திரத்தோடு நழுவப் பார்த்தேன். கூப்பிட்டார்.

“ஏம்மா, நாளைக்கும் இந்தப் பொங்காத உளுந்தையே போடுதியா?”

கிரேஸ் அக்கா மகன்

அடுத்த வீட்டு கிரேஸ் அக்காவின் மகன் சாமுக்கு பெங்களூரில் பீர் கம்பெனி லேபில் வேலை. பெண் தேடும் நேரம். அக்கா எல்லாரிடமும் ‘கெமிக்கல் கம்பெனி’ என்றே சொல்லி வந்தாள். லீவில் வந்தவன் என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தான்.

“எங்களுக்கும் இதே பாடுதான் சித்தி. கசப்புக்கும் வாசத்துக்கும் ஹாப்ஸ்னு ஒரு பூ போடுவோம். ரகத்துக்கு ரகம், விளையுத மண்ணுக்கு மண்ணு அதுல என்சைம் கூடும், குறையும். கூடினா, மிஞ்சிக் கிடக்க மாவுச்சத்தையும் சர்க்கரையா உடைச்சிரும். ஈஸ்ட் மறுபடி தின்னு, பாட்டில் பொங்கிரும்.”

பின்னால் நின்று கேட்ட அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“அப்ப நீ அங்கன பாக்கதும் மாவு வேலதானாலே? ஞாயித்துக்கெழம கோயில்ல தைரியமா சொல்லிருதேன்.”

ஆக, ஊறப்போடுவது மட்டும்தான் நம் பொறுப்பு. பொங்குவதா வேண்டாமா என்பதை உளுந்து தான் விளைந்த வயலிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறது.