பால்ரிமோரில் இறங்கிய பூட்டன்

சனிக்கிழமை காலைகளில் அப்பா குசினி மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு மனிதரைத் தேடுவார். இரண்டு விரலால்தான் தட்டுவார். எழுத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியைப் போடுவார், தட்டியது திரையில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். ஒரு பெயரைத் தட்டி முடிக்கும்போது பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும். கிழமை நாட்களில் அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். விடிய முன்னம் போய் ஸ்காபரோ முழுவதும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவருக்கு ஓய்வென்று கிடைப்பது இந்த ஒரு காலைதான். மற்ற அப்பாமார் அந்த நேரத்தில் நித்திரை கொள்வார்கள், அல்லது கிரிக்கெட் பார்ப்பார்கள். என் அப்பா தன் அப்பப்பாவை, தகப்பனின் தகப்பனை, தேடினார்.

அவர் எனக்குப் பூட்டன். தீவுப் பக்கத்தில் பிறந்து, கொழும்புக்குப் போய் ஒரு சரக்குக் கப்பலில் சேர்ந்தவர். நெருப்பறையில் நிலக்கரி அள்ளிப் போடுகிற வேலை. என் அப்பப்பா அப்போது தவழ்கிற பிள்ளை. கப்பல் அமெரிக்காவில் பால்ரிமோர் என்கிற துறைமுகத்துக்குப் போயிருக்கிறது. பூட்டன் அங்கே கரையில் இறங்கினார், கப்பல் புறப்படும்போது திரும்பி வந்து ஏறவில்லை. அதே கப்பலில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த செய்தி இவ்வளவுதான். மிச்சத்தை ஊர் சொன்னது. ஓடிவிட்டார், வெள்ளைக்காரியைக் கட்டிவிட்டார், அங்கே காணி பூமியோடு இருக்கிறார்.

பூட்டனின் மனைவி, என் பூட்டி, அதை நம்பினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தாலியைக் கழற்றவில்லை. பூட்டனுக்காக மரித்தோர் பூசை ஒப்புக்கொடுக்க யாரையும் விடவுமில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு மரித்த பூசை வைத்தால் ஆயுள் குறையும் என்பது அவருடைய பயம். செத்தார் என்று செய்தி வரும்வரை அவர் பெயரைச் செத்தவர்களோடு சேர்க்கக்கூடாது என்று அப்பப்பாவிடம் சொல்லி, அப்பப்பா அதை என் அப்பாவிடம் சொல்லி, அந்தச் சொல் எங்களோடு கனடா வரைக்கும் வந்துவிட்டது.

நவம்பரில் மரித்த ஆத்துமாக்களின் நாளுக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு என்வலப் தருவார்கள். வீட்டில் இறந்துபோனவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், பூசையில் வாசிப்பார்கள். அப்பா இரண்டு பக்கத்து உறவிலும் ஒருவரை விடமாட்டார். சண்டையில் போனவர்கள், கடலில் போனவர்கள், பிறந்த அன்றே போன ஒரு குழந்தை, எல்லோரையும் எழுதுவார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“அப்பா, பூட்டனை விட்டிட்டீங்கள்.”

“அவற்ற செய்தி இன்னும் வரேல்லை.”

“அவருக்கு இப்ப நூறு வயசு எப்பவோ தாண்டியிருக்கும்!”

“தாண்டட்டும். உனக்கென்ன, நீயோ அவருக்குச் சோறு போடுறாய்?”

அஜக்ஸில் இருக்கிற சித்தப்பா வந்தால் அப்பாவைச் சும்மா விடமாட்டார். கணினிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்ன அண்ணை, பூனைக்கண் மச்சாள்மாரைக் கண்டுபிடிச்சிட்டீங்களோ? சொல்லுங்கோ, நல்ல சேட்டு ஒண்டு போட்டுக்கொண்டு வாறன்” என்பார்.

“அவை உனக்குத் தங்கச்சிமாரடா, மடையா.”

“மகனின்ர பிள்ளையள் எண்டால்தான் தங்கச்சி. மகளின்ர பிள்ளையள் எண்டால் மச்சாள்தானே? அப்பப்பா எனக்கு ஒரு மகளாவது பெத்து வைக்காமலோ போயிருப்பார்?”

அம்மா சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார். ஆனால் அது அவருக்குச் சிரிப்பு விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். காரணத்தில் நானும் இருக்கிறேன்.

நான் பிறந்து கொஞ்ச மாதத்தில் அப்பா கனடாவுக்கு வந்துவிட்டார். அவருடைய அகதி வழக்கு இழுபட்டது. எங்களைக் கூப்பிட முடியவில்லை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அவர் எனக்குப் போனில் வருகிற ஒரு குரல்தான். அம்மாவிடம் ஆட்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள், “உவரும் பாட்டன்ர வழிதானோ?” என்று. அம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். கடைசியில் நாங்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கினபோது, பூங்கொத்தோடு நின்ற அந்த மெலிந்த மனிதரிடம் நான் முதலில் கேட்டது, “உங்களுக்கு இஞ்ச வேற பிள்ளையள் இருக்கினமோ?” என்பதைத்தான். அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். அப்பா அதைப் பிறகு பகிடியாக எல்லோருக்கும் சொல்வார். சொல்லிவிட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவார்.

அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பூட்டன் ஓடினாரா, இல்லையா. ஓடினவரின் பேரனா தான், இல்லையா. எத்தனையோ வருடம் தேடியும் அது தெரியாமலே, போன கோடையில் அப்பா இறந்துபோனார். நெஞ்சுவலி. ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. பதினோராம் வகுப்போடு விட்டுவிட்டு பாண் சுடுகிற பக்டரியில் வேலைக்குப் போனவள். ஆனால் அப்பாவின் அலுவல்களை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. வங்கி, கார் இன்சூரன்ஸ், போன் கொம்பனி, எங்கே போனாலும் டெத் சேர்டிபிகேட் கேட்டார்கள். முதல்முறை அந்தத் தாளில் அப்பாவின் பெயரைப் பார்த்தபோது வாசிக்க முடியவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து அழுதேன். பிறகு பழகிவிட்டது. அவர்கள் கேட்க முன்னமே, அப்பா இறந்துவிட்டார் என்று நான் சொல்லத் தொடங்கினேன். ஒரு மனிதர் செத்தபிறகு அவரைப்பற்றி எத்தனை கேள்வி கேட்பார்கள், எத்தனை பெட்டிக்குள் எழுதுவார்கள் என்று அந்த மாதங்களில்தான் படித்தேன்.

அப்பாவின் கடனட்டையில் மாதாமாதம் ஒரு சிறு தொகை போய்க்கொண்டிருந்தது. அவர் தேடுகிற அந்த இணையத்தளத்துக்குக் கட்டுகிற சந்தா. நிறுத்துவதற்காக ஒரு ஞாயிறு பின்னேரம் அவருடைய கணினியைத் திறந்தேன். அவர் தேடியவை எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. திருமணப் பதிவுகள். குடிசனக் கணக்கு. குடியுரிமை எடுத்தவர்கள். பிறந்த பிள்ளைகள். பால்ரிமோர், நியூயோர்க், பொஸ்ரன், திரும்பவும் பால்ரிமோர். நான் கீழே கீழே போய்க்கொண்டிருந்தேன். மரணப் பதிவில் அப்பா ஒருமுறைகூடத் தேடியிருக்கவில்லை.

எனக்கு முதலில் கோபம் வந்தது. எவ்வளவு லேசான விஷயம். பிறகு விளங்கியது, அவருக்கு அது லேசாக இருந்திருக்காது. பூட்டி வேண்டாம் என்று சொன்ன கதவை அவர் தட்டவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவரைத்தான் கடைசிவரை தேடியிருக்கிறார். எனக்கு அந்தப் பயம் விட்டுப்போயிருந்தது. அப்பாவின் பெயரையே மரணம் என்கிற சொல்லுக்குக் கீழே பார்த்துவிட்டேன். இனி என்ன.

மரணம் என்கிற பெட்டியை அழுத்தி, பூட்டனின் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் போட்டு, பால்ரிமோர் என்று அடித்தேன். ஒரே ஒருவர்தான் வந்தார்.

பழைய தாள் ஒன்றின் படம். கையெழுத்து சரிந்து சரிந்து போயிருந்தது. பிறந்த இடம் சிலோன். வேலை கப்பலில் நெருப்பறை. இறந்த இடம் ஒரு ஆசுப்பத்திரி. சாவுக்குக் காரணமான வருத்தம் நிமோனியா. அங்கே ஒரு கிழமைகூடக் கிடக்கவில்லை. அப்பப்பா தவழ்ந்த அதே வருடம். எங்கே விழுந்தார், யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றெல்லாம் அதில் இல்லை. தகப்பன் பெயர் சரியாக இருந்தது. தாய் பெயர் சரியாக இருந்தது. கல்யாணம் கட்டினவரா என்ற இடத்தில் ஆம். யாருடைய கணவர் என்று ஒரு கேள்வி. அதற்கு நேரே, அந்தப் பெயரை ஒருநாளும் கேட்டிராத யாரோ ஒருவர், காதில் விழுந்தபடி பூட்டியின் பெயரை எழுதியிருந்தார்.

நான் அதை வாய்விட்டு வாசித்தேன். காய்ச்சலில் கிடந்த ஒரு மனிதரிடம் கேட்டிருக்கிறார்கள், அவர் சொல்லியிருக்கிறார். வேறு யார் சொல்லியிருக்க முடியும் அந்த ஊரில்? ஒரு மனிதர் செத்த செய்தியை வாசித்துவிட்டு இப்படி மூச்சு விடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அப்பா போனபிறகு முதல்தடவையாக நெஞ்சு முட்ட மூச்சு எடுத்தேன். பிறகு அப்பா இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்து அழுதேன். இரண்டும் ஒன்றுக்குப்பின் ஒன்றாக வந்தன.

அம்மா வந்து தோளில் கை வைத்தார். “என்ன பிள்ளை, திரும்பவும் ஏதும் கேக்கிறாங்களோ?”

“அம்மா, பூட்டன் செத்துப்போனார்.”

“ஆர்?”

“பூட்டன். கப்பலால இறங்கின உடனயே. ஆசுப்பத்திரியில.”

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “அப்ப ஓடேல்லை எண்டுறியோ?”

“இல்லையம்மா. ஓடேல்லை.”

“அப்பாடா,” என்றார் அம்மா. உடனே வாயைப் பொத்திக்கொண்டார், செத்த வீட்டில் சிரித்துவிட்டவர் மாதிரி. பிறகு பூட்டியின் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்த மனிசன் ஒருக்கா இதையும் தட்டிப் பாத்திருக்கலாம்” என்று அப்பாவை ஏசினார். அப்பா இறந்ததன்பிறகு அம்மா அவரை ஏசியதும் அன்றுதான் முதல்தடவை. வீட்டில் அப்பா இருக்கிற மாதிரி இருந்தது.

சித்தப்பாவுக்குப் போன் எடுத்தோம். எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார். “அப்ப பூனைக்கண் மச்சாள் ஒருத்தரும் இல்லை?” என்றார்.

“இல்லை சித்தப்பா.”

“சரி” என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார்.

அப்பாவின் ஆண்டுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அன்ரி அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு, வேறு யாருக்கும் சேர்த்து ஒப்புக்கொடுக்கிறீர்களோ என்று கேட்டார். பூட்டனின் பெயரைச் சொன்னேன்.

“இவர் சுகமா இருக்கிறவரோ, மரிச்சவரோ?”

“மரிச்சவர், அன்ரி.” பூட்டனுக்காகக் கோயிலில் எங்கள் வீட்டில் யாரும் அதுவரை சொல்லாத சொல்.

“எப்ப?”

“கனகாலம். நாங்கள் இப்பதான் அறிஞ்சனாங்கள்.”

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப உங்களுக்கு இது புதுத் துக்கம்தானே, பிள்ளை,” என்றார்.

பூசையில் பங்குச் சுவாமி இரண்டு பெயரையும் அடுத்தடுத்து வாசித்தார். முன்னால் பேரன், பிறகு அப்பப்பா. சித்தப்பா சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்சும் தேத்தண்ணியும் கொடுக்கும்போது ஆட்கள் வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்கள். அது ஆர் மற்றப் பேர் என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார், கல்யாணம் பேசி முடித்த வீட்டுக்காரர் மாதிரி ஒரு முகத்தோடு.

“இவற்ற அப்பப்பா. அமெரிக்காவுக்கு ஓடிட்டார் எண்டு ஊர் கதைச்சதெல்லோ? ஓடேல்லை. பெண்சாதியின்ர பேரைச் சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவர்.”

“அப்ப நல்ல மனிசன்,” என்றார் ஒரு அன்ரி.

“பின்னை?” என்றார் அம்மா. “எங்கட வீட்டு ஆம்பிளையள் அப்பிடித்தான். இந்தாங்கோ, இன்னுமொரு ரோல்ஸ் எடுங்கோ.”