எழுதத் தொடங்கியதும் கூடிய காயங்கள்

பண்டத்தரிப்புப் பக்கம் ஓர் ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சென்ற வருடம் நாலாம் வகுப்பு தர்சிகா, தண்ணீர்க் குழாயடியில் விழுந்து தலையில் அடிபட்டதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்து, வகுப்பில் வாந்தி எடுத்து மயங்கிவிட்டாள். நல்லகாலம், ஆஸ்பத்திரியில் தேறிவிட்டாள். அதன்பிறகு பிள்ளைகள் எங்கே, எப்படி விழுகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

குழாயடியில்தான் கூடுதலாக விழுகிறார்கள் என்று கண்டு பாசியைச் சுரண்டினோம். அங்கே விழுவது நின்றது. ஆனால் மொத்தக் காயங்கள் மாதாமாதம் கூடின.

"நீங்கள் எழுதத் தொடங்கினாப் பிறகுதானே ரீச்சர் பிள்ளையள் கூட விழுகினம்" என்றார் அதிபர்.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எழுதுவதை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் தர்சிகா முழங்கால் சிராய்ப்போடு வந்தாள்.

"முந்தி நீங்கள் ஒருத்தரும் இப்பிடி விழுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"விழுறனாங்கள் ரீச்சர். சொன்னால், ஏன் ஓடினனீ எண்டு ஏச்சு விழும். இப்ப நீங்கள் எங்கை விழுந்தது எண்டுதானே கேக்கிறியள்."

இப்போதும் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒரு கிழமை முழுக்கக் கொப்பி வெறுமையாக இருந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. பிள்ளைகளின் முழங்கால்களைப் பார்த்தபடி வகுப்பைச் சுற்றி வருகிறேன்.